தராசில் ஏறிப் படகு வாங்குவோர்

ஒருவரே ஏறிச் செலுத்தும் பந்தயப் பாய்மரப் படகு ஒன்றைப் பழையதாக வாங்க விரும்புகிறவர் தம் விருப்பத்தை வாய்விட்டுச் சொன்ன மாத்திரத்தில், அவரை நோக்கி எழுகிற முதற் கேள்வி, எந்தக் கடலில் ஓட்டப்போகிறீர் என்பதாக இருப்பதில்லை; படகு எத்தனை வருஷம் வெயிலில் கிடந்தது என்பதாகவும் இருப்பதில்லை; "உம்முடைய எடை என்ன?" என்பதாகவே இருக்கிறது. ஐம்பது கிலோ என்றால் இன்ன படகு, அறுபத்தைந்து என்றால் இன்னது, எண்பதைத் தாண்டினால் வேறொன்று என ஓர் அட்டவணை உடனே எடுத்து நீட்டப்படுகிறது. கடலில் நரைத்த மூத்தவர் முதல் நேற்றுப் பயிற்சி முடித்த சிறுவன் வரையில் இந்த அட்டவணையை வேதவாக்காகக் கொள்ளாதவர் அரிது. இரண்டு மூன்று கிலோ வித்தியாசத்தைக் காரணம் காட்டி நல்ல படகொன்றைத் தள்ளிவிட்டு, உள்ளே நீர் ஊறிக் கனத்துப்போன வேறொன்றை, அது தம் தேகத்துக்குப் பொருந்துவதென்ற ஒரே நியாயத்தின் பேரில் வாங்கிவந்து, பிறகு கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு அதன் முகத்தில் விழிக்காமல் நடமாடுகிறவர்களை நான் அறிவேன்.

இந்த அபிப்பிராயம் அடியோடு பொய் என்று வாதிக்க நான் முன்வரவில்லை. அது தனக்கு உரியதல்லாத பீடத்தில் ஏறி அமர்ந்துகொண்ட ஓர் உண்மை. ஆகையால்தான் வெறும் பொய்யைவிட அதிகத் தீங்கு செய்கிறது. ஓட்டுகிறவரின் எடையைக் கொண்டு தீர்மானிக்க வேண்டியது பாயை. படகைத் தீர்மானிக்க வேண்டியவை, அதன் வெற்றுடலாகிய கூட்டின் ஆரோக்கியமும், அது ஓடப்போகிற நீரின் காற்றுமே ஆகும். இவ்விரண்டையும் ஆராய்ந்து முடித்த பிறகு தராசில் ஏறுகிறவரை நான் தடுக்கப் போவதில்லை.

புதுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் இதைப் பற்றி எழுதுவதா என்று சிரிப்பவர்களும் இருப்பார்கள். சிரிப்புக்குக் காரணம் இருக்கிறது. தொண்டைமான்களின் பழைய சமஸ்தானத்துக்குக் கடல் இருந்ததில்லை. 1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி ஜில்லாவின் பகுதியாகி, பின்னர் 1974 ஜனவரியில் தனி மாவட்டம் ஏற்பட்டபோது, தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த அறந்தாங்கிப் பக்கத்துப் பிரதேசம் நம்மோடு சேர்ந்ததால்தான், நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான ஒரு கரை நமக்கு வாய்த்தது. ஐம்பது வருஷம் கழிந்தும் நம்மவர்களில் பாதிப்பேருக்குக் கண்மாயும் கற்குகையும் நினைவுக்கு வருமே ஒழிய, கட்டுமாவடியும் மணமேல்குடியும் ஜகதாப்பட்டினமும் கோட்டைப்பட்டினமும் மீமிசலும் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் சிறு பாய்மரப் படகைப் பற்றிய ஒரு சித்தாந்தம் மெய்யா பொய்யா என்று உரைத்துப் பார்க்க இதைவிட நல்ல கரை கிடைப்பது கடினம். ஏனெனில், இங்கே கடல் ஆழமற்றது, காற்று இரண்டு பருவத்தில் இரண்டு குணம் உடையது, ஒரே நாளிலும் அது பல குணம் காட்டுவது.

முதலில் எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் முழு பலத்தோடும் எடுத்துரைப்பதுதான் நியாயம். பாயில் மோதும் காற்று படகைச் சாய்க்கிறது. சாய்ந்த படகு வேகமிழந்து பக்கவாட்டில் நழுவுகிறது. ஆகவே ஓட்டுகிறவர் காற்று வரும் பக்கத்தின் விளிம்பில் அமர்ந்து, பாதங்களைக் கால்வாரில் மாட்டிக்கொண்டு, உடலை வெளியே நீட்டித் தம் எடையால் அந்தச் சாய்வை எதிர்க்கிறார். எடை குறைந்தவர் பலத்த காற்றில் பாயை விட்டுவிட்டுத்தான் படகை நிமிர்த்த முடியும். அப்படி விட்ட பாய் வேகத்தைத் தராது. எடை மிகுந்தவரோ மெல்லிய காற்றில் படகை நீரில் அழுத்திக் கொண்டு பின்தங்குவார். ஆகவே, ஒவ்வொரு படகுக்கும் ஓர் உத்தம எடை உண்டு. அதற்கு ஏற்ற ஆளே அதை வாங்க வேண்டும். இவ்வளவுதான் வாதம். இதில் ஒவ்வொரு வாக்கியமும் மெய்யானது, கடைசி ஒன்றைத் தவிர.

அட்டவணையில் ஒரு சொல் விடுபட்டுப் போயிருக்கிறது. அந்தச் சொல் காற்று. எந்தக் காற்றில் அறுபத்தைந்து கிலோ உத்தமம், எந்தக் காற்றில் அது போதாது என்று அந்தக் காகிதம் சொல்வதில்லை. காற்றின் வேகம் இரட்டித்தால் பாயின் மீது அதன் அழுத்தம் நான்கு மடங்காகிறது என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. இந்தக் கணக்கை உலகத்தில் மிக அதிகமாகப் புழங்குகிற ஒற்றையாள் படகாகிய லேசரின் மேல் வைத்துப் பார்ப்போம். அந்தப் படகுக்கு மூன்று அளவுப் பாய்கள் உண்டு: பெரியது 7.06 சதுர மீட்டர், நடுத்தரமானது 5.76, சிறியது 4.7. பெரிய பாய் எண்பது கிலோக்காரருக்கென்றும், நடுத்தரப் பாய் அறுபது, அறுபத்தைந்து கிலோக்காரருக்கென்றும், சிறியது ஐம்பது கிலோ அளவில் இருக்கும் இளையவருக்கென்றும் பொதுவாகச் சொல்லுகிறார்கள். மணிக்கு 10 கடல்மைல் காற்றில் பெரிய பாய் வாங்குகிற அழுத்தத்தை நடுத்தரப் பாய் எப்போது வாங்கும்? காற்று ஏறக்குறைய 11 கடல்மைலாகும்போது. சிறிய பாய் எப்போது வாங்கும்? பன்னிரண்டேகால் ஆகும்போது. சிறிய பாய்களுக்கு உயரமும் குறைவாகையால் சாய்க்கும் வலு இன்னும் சற்றுத் தணியும்; அதற்காக ஒரு கடல்மைலையோ இரண்டையோ சேர்த்துக்கொண்டாலும் விஷயம் மாறிவிடாது. ஐம்பது கிலோச் சிறுமிக்கும் எண்பது கிலோ ஆணுக்கும் நடுவே இவர்கள் மதில் கட்டி எழுப்பியிருக்கும் பேதம் முழுவதும், மணமேல்குடிக் கரையில் நண்பகலுக்குப் பின் கடற்காற்று எழுகிற அரைமணி நேரத்தில் கரைந்துபோகிற பேதமே. காலை ஒன்பது மணிக்கு உமக்குப் பெரிதாக இருக்கிற படகு எதுவுமில்லை; பிற்பகல் மூன்று மணிக்கு உமக்கு அடங்குகிற படகும் அதிகமில்லை. எடை அதற்குள் ஒரு கிலோகூட ஏறவில்லை.

லேசரின் சரித்திரமே இந்த வாதத்துக்குச் சாட்சியாக நிற்கிறது. 1969-இல் இயான் புரூஸ் என்பவரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கையிலேயே கனடாவைச் சேர்ந்த புரூஸ் கர்பி இந்தப் படகின் முதல் உருவத்தைக் கிறுக்கினார் என்பர்; காரின் கூரைமீது கட்டிக்கொண்டு போகத்தக்க ஒரு சின்னப் படகு வேண்டும் என்பதே கேட்டவரின் தேவை. 4.2 மீட்டர் நீளம், 59 கிலோக் கூடு, ஒரே பாய், இரண்டு துண்டாகக் கழற்றக்கூடிய பாய்மரம். 1971-இல் விற்பனைக்கு வந்தது. இன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவை உலகத்து நீர்களில் இருக்கின்றன. 1996 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றிருக்கிறது. 2019-க்குப் பிறகு அதிகாரபூர்வமான பெயர் ஐ.எல்.சி.ஏ. என்று மாறியது, மூன்று பாய்களுக்கும் முறையே 7, 6, 4 என்று எண் இட்டார்கள். கவனிக்க வேண்டியது இதுதான்: மூன்றுக்கும் கூடு ஒன்றே, சுக்கான் ஒன்றே, நடுப்பலகை ஒன்றே, பாயின் அடியைத் தாங்கும் கழி ஒன்றே, பாய்மரத்தின் மேல்துண்டுகூட ஒன்றே. மாறுவன பாயும், பாய்மரத்தின் கீழ்த்துண்டும் மாத்திரமே. டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், பாய்மரப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணாகப் பெண்கள் பிரிவில் ஓட்டியதும், வேலூரில் பிறந்து இராணுவத்தில் பணிபுரியும் விஷ்ணு சரவணன் ஆண்கள் பிரிவில் ஓட்டியதும் ஒரே விதமான கூட்டிலேதான். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில், மத்தியப் பிரதேசத்துத் தேவாஸ் ஊர்ப் பெண் நேஹா தாக்கூர், பதினேழு வயதில், மிகச் சிறிய பாயோடு வெள்ளி வென்றார். அதே விளையாட்டில் விஷ்ணு சரவணன் மிகப் பெரிய பாயோடு வெண்கலம் வென்றார். அந்தச் சிறுமிக்கும் அந்தப் படைவீரருக்கும் அடியில் இருந்த கூடுகளை இடம் மாற்றி வைத்திருந்தால், இருவருள் ஒருவரும் வித்தியாசம் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அப்படியிருக்க, ஒரு கூட்டைச் சுட்டிக்காட்டி, "இது உம் எடைக்கு ஆகாது" என்று சொல்பவர் என்ன சொல்லுகிறார் என்பது எனக்கு விளங்கவில்லை.

நேஹா தாக்கூர் கற்றது போபாலின் பெரிய ஏரியில் என்பதை இங்கே இடைச்செருகலாகச் சொல்லிவைக்கிறேன். அரசர் ஒருவர் கரைகட்டித் தேக்கிய ஏரி என்று அதைப் பற்றி ஐதிகம். கவிநாட்டுக் கண்மாய் நிரம்பித் தளும்பும் வருஷங்களில் அதன் கரையில் நின்று பார்த்திருக்கிறவர்களுக்கு, படகு பழகக் கடல்தான் வேண்டுமென்பதில்லை என்று இதன்மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

"லேசர் ஒரு விதிவிலக்கு, கனத்தவர்களுக்கென்றே ஏற்பட்ட ஃபின் படகைப் பாரும்" என்பார்கள். நல்லது, பார்ப்போம். ஸ்வீடன் தேசத்து ரிக்கார்ட் சார்பி 1949-இல் வரைந்த ஃபின், 1952 முதல் டோக்கியோ வரையில் ஒலிம்பிக்கில் பெருந்தேகிகளின் படகாக விளங்கியது என்பது மெய். ஆனால் ஃபின் ஓட்டிகள் தம் எடைக்குப் பொருத்தம் தேடியது எங்கே? கூட்டிலா? இல்லை, பாய்மரத்தில். மரத்தாலான பாய்மரங்கள் இருந்த காலத்தில், இலேசானவர் தம்முடைய மரத்தை இழைப்புளியால் சீவிச் சீவி மெலியவைத்து, காற்று ஓங்கும்போது அது வளைந்துகொடுத்துப் பாயைத் தட்டையாக்கும்படி செய்துகொண்டார். கனத்தவர் விறைப்பான மரத்தை வைத்துக்கொண்டார். அலுமினியம் வந்தது, பின்பு கார்பன் இழை வந்தது, வழக்கம் மாறவில்லை. இன்ன கிலோ ஆளுக்கு இன்ன வளைவுடைய பாய்மரம் என்றுதான் அங்கே கணக்கு. பெண்களின் ஒலிம்பிக் படகாக 1992 முதல் 2004 வரை இருந்த யூரோப் வகையிலும் இதே கதை. எடையைப் பற்றி அதிகமாகக் கவலைப்பட்ட வகைகளே எடையைப் பாய்மரத்தின் சொத்தாக வைத்திருக்க, நாம் அதைக் கூட்டின் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

பிரிட்டனின் பென் ஐன்ஸ்லி 2000-இல் லேசரில் தங்கம் வென்றபின், உடலில் பல கிலோவை உண்டும் உழைத்தும் ஏற்றிக்கொண்டு ஃபின்னுக்கு மாறி, 2004, 2008, 2012 என்று மூன்று தங்கம் வென்ற கதையையும் எனக்கு எதிராக எடுத்துக்காட்டுவது வழக்கம். வெற்றி ஒரு நொடியில் நழுவும் உயரத்தில் எடைக்கு மதிப்பு உண்டு என்பதை அது நிச்சயமாக நிரூபிக்கிறது. ஆனால் அதே கதை இன்னொன்றையும் சொல்லுகிறதே! அங்கே படகுக்கு ஏற்ப ஆள்தான் மாறினார், ஆளுக்கு ஏற்பப் படகு மாறவில்லை. இவ்வுலகில் மாற்றத்தக்க வஸ்துக்களில் மனித எடையும் ஒன்று என்பதைக் கல்யாண விருந்துகளுக்குப் போய்வரும் எவரும் ஒப்புக்கொள்வார். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இந்தத் தைமாதம் நாற்பத்தெட்டுக் கிலோ இருப்பான். அடுத்த தைமாதம் ஐம்பத்தேழு. அவனுடைய இன்றைய எடையை அளவாக வைத்துப் படகு வாங்கிக் கொடுக்கிற தகப்பனார், அடுத்த வருஷம் என்ன செய்வதாக உத்தேசம்? நல்ல கூடு ஒன்று வாங்கியவரோ ஒரு கீழ்த்துண்டும் ஒரு பழைய பாயும் சம்பாதித்தால் போதும்.

எடையை மாற்றிக்கொள்ளும் வித்தை நம் கரைக்குப் புதிதும் அன்று. சென்னை ராஜதானியின் மீன்வள இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வகைகளைப் பற்றி 1920-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பாக் நீரிணைக் கரைப் படகுகளில் குறுக்கே நீட்டி வைக்கும் சமன்பலகையைப் பற்றி விவரித்திருக்கிறார். காற்று வரும் பக்கமாகப் பலகையை நீட்டி, அதன்மேல் ஆட்கள் ஏறி அமர்ந்து, பாய் இழுக்கிற இழுப்பைத் தம் உடலால் சமன்செய்வது அந்த ஏற்பாடு. நமக்குத் தெற்கே, மாவட்ட எல்லையைத் தாண்டினால் வருகிற தொண்டியிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் இன்றைக்கும் வத்தை என்கிற நாட்டுப்படகுகளின் பாய்மரப் பந்தயம் நடக்கிறது. மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய், காற்றின் போக்குக்கேற்ப அவற்றை இடம்மாற்றுவது அந்தப் பந்தயத்தின் கலைகளில் ஒன்று. அந்த மீனவரிடம் போய், "அண்ணே, உங்க எடை என்ன? இந்த வத்தை உங்களுக்குப் பொருந்துமா?" என்று கேட்டால், அவர் பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிற்றைக் கையில் பிடித்தபடி நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். அவருடைய சாஸ்திரத்தில் காற்று முதலில் வரும், பாய் அடுத்தபடி, பாரம் அதற்கும் பிறகு. காற்று தணிந்தால் பெரிய பாய் ஏறும், ஓங்கினால் சின்னப் பாய். படகு அதே படகு.

ஒலிம்பிக் வகைகளில் மணல் மூட்டை ஏற்ற இடமில்லை என்பது எனக்குத் தெரியும். நீர் நிரப்பிய சட்டைகளை மாட்டிக்கொண்டு பாரம் கூட்டும் வழக்கம் ஒருகாலத்தில் அங்கும் இருந்தது. முதுகெலும்புகள் பழுதான பிறகு அது ஒழிந்தது. இப்போது எடையைக் கூட்டும் நோக்கத்துடன் எதையும் அணியவோ சுமக்கவோ கூடாதென்பது சர்வதேச விதி; உடுப்பும் சாதனமும் நனைந்த நிலையில் 8 கிலோவைத் தாண்டக் கூடாதென்பது பொது வரம்பு. எனவே உடலைத்தான் நம்பவேண்டும் என்பார்கள். சரி, ஆனால் உடல் என்றால் கிலோ மாத்திரந்தானா? படகை நிமிர்த்துவது எடையையும் தூரத்தையும் பெருக்கிய பெருக்கம். அறுபது கிலோ எடையுள்ள ஒரு நெட்டையர் தம் உடலின் பாரமையத்தைப் படகின் நடுக்கோட்டிலிருந்து 1.15 மீட்டர் தூரத்துக்கு நீட்டுவாரானால் கிடைக்கும் பெருக்கம் 69; அறுபத்தெட்டுக் கிலோ எடையுள்ள குட்டையர் ஒரு மீட்டர் மட்டும் நீட்டினால் 68. அட்டவணை இரண்டாமவரைப் பெரிய பாய்க்கு அருகே நிறுத்தி, முதலாமவரைச் சிறிய பாய்க்குத் துரத்துகிறது. கடலோ முதலாமவரைச் சற்றுக் கனமானவராகக் கருதுகிறது. அந்த நீட்டலை ஒரு முழுப் பந்தயமும் தாங்கிப் பிடிக்கத் தொடைக்கும் வயிற்றுக்கும் உரம் வேண்டும். 1948 முதல் 1960 வரை தொடர்ச்சியாக நான்கு ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற டென்மார்க்கின் பால் எல்வ்ஸ்ட்ரோம், வீட்டிலே ஒரு பயிற்சிப் பலகை அமைத்து அதன்மேல் உடலை நீட்டி நீட்டிப் பழகினார். உரமற்ற எண்பது கிலோ, பத்து நிமிஷம் கழிந்ததும் படகின் நடுவே குந்திவிடும். அந்த நிலையில் அது எடையன்று, சரக்கு.

இனி நான் முக்கியமென்று கருதும் இடத்துக்கு வருகிறேன். தம்மை இரண்டுமுறை நிறுத்துப் பார்க்கிற வாங்குவோர், வாங்கப்போகும் படகை ஒருமுறையேனும் நிறுத்துப் பார்ப்பதில்லை. புதிதாக வார்த்தபோது 59 கிலோ இருந்த கூடு, பதினைந்து இருபது வருஷம் கடந்தபின் அதே எடையில் இருக்கும் என்று நம்ப எந்த முகாந்திரமும் இல்லை. மேல்தளத்தின் கண்ணாடியிழைக்கு நடுவே நுரை அடுக்கு உண்டு. எங்கேனும் ஒரு மயிரிழை வெடிப்பின் வழியே நீர் புகுந்தால் அந்த நுரை சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே இருக்கும். வெளியே பார்த்தால் வர்ணம் பளபளக்கும். கூட்டில் ஊறிய ஒரு கிலோவுக்கும் ஓட்டுகிறவரிடம் ஏறிய ஒரு கிலோவுக்கும் பேதம் பெரிது: ஓட்டுகிறவரின் கிலோ காற்றடிக்கும்போது விளிம்புக்கு வெளியே நீண்டு வேலை செய்யும், கூட்டின் கிலோ காற்றிலும் உதவாது, காற்றின்மையிலும் உதவாது, எல்லா நாளும் படகை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். தம் தேகத்தில் மூன்று கிலோ அதிகம் என்று வெட்கப்பட்டுச் சிறிய படகைத் தள்ளிவிட்டவர், ஏழு கிலோத் தண்ணீரை விலைகொடுத்து வாங்கி வீட்டுக்கு ஏற்றி வருகிறார்.

நிறுப்பதில் கஷ்டம் ஒன்றுமில்லை. ஜகதாப்பட்டினத்திலோ கோட்டைப்பட்டினத்திலோ மீன் எடைபோடும் பெரிய தராசு கிடைக்கும். இரண்டு பேர் சேர்ந்து தூக்கிக் கயிற்றில் மாட்டினால் ஐந்து நிமிஷத்து வேலை. அறுபது, அறுபத்தொன்று காட்டினால் மகிழ்ச்சி. அறுபத்தைந்துக்கு மேல் போனால், விற்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், விலையைக் குறைக்கச் சொல்லவேண்டும் அல்லது எழுந்து வந்துவிட வேண்டும்.

அடுத்தபடியாகப் பார்க்கவேண்டியது, படகின் முன்முனையாகிய அணியத்துக்குச் சற்றுப் பின்னே, பாய்மரம் இறங்கி நிற்கிற குழி. லேசரில் பாய்மரத்தைத் தாங்கிப் பிடிக்கக் கம்பியோ வடமோ கிடையாது. மரத்தின்மீது வருகிற வலு முழுவதும் அந்தக் குழியின் சுவரில்தான் இறங்குகிறது. குழிக்குள் மணல் தங்கிவிட்டால், பாய் பக்கம் மாறும்போதெல்லாம் மரம் திரும்பித் திரும்பி, ஆட்டுக்கல்லில் குழவி அரைப்பதுபோல அடியை அரைத்துக்கொண்டே இருக்கும். பல வருஷத்தில் அடி தேய்ந்து மெலிந்து, ஒருநாள் நல்ல காற்றில் குழியோடு மேல்தளம் பிளந்து பாய்மரம் சாயும். இதைப் பரீட்சிக்க யந்திரம் எதுவும் வேண்டாம். படகைச் சமமாக வைத்து, குழி நிறையத் தண்ணீர் ஊற்றி, நீர்மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, ஒரு டீ சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கவேண்டும். கோட்டுக்குக் கீழே நீர் இறங்கியிருந்தால் அந்தத் தண்ணீர் கூட்டின் வயிற்றுக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். "வெயிலில் ஆவியாகியிருக்கும்" என்று விற்பவர் சொல்லக்கூடும். புதுக்கோட்டை வெயிலின்மேல் எனக்கும் மதிப்பு உண்டு. ஆனாலும் அரைமணியில் இரண்டு விரற்கடை நீரை அது குடித்ததாக நான் கண்டதில்லை.

மேல்தளமும் அடிக்கூடும் ஒட்டுகிற விளிம்பைச் சுற்றிச் சோப்பு நீர் தடவி, பின்புறத்து வடிகால் துளை வழியே வாயால் மெல்ல ஊதினால், ஒட்டு விட்ட இடத்தில் குமிழி எழும். ஓட்டுகிறவர் கால்வைக்கும் பள்ளத்தின் முன்புறத்திலும் பக்கங்களிலும் விரல்கணுவால் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் கணீரென்றும், நுரை பிரிந்த இடம் மந்தமாகவும் ஒலிக்கும். மந்தமான இடத்தில் முழங்காலை ஊன்றினால் அமுங்கும். நடுப்பலகை இறங்கும் பிளவின் மூலைகள், சுக்கான் மாட்டும் கொண்டிகளின் திருகுகள், மேல்துண்டுப் பாய்மரம் வளைந்திருக்கிறதா என்று தரையில் உருட்டிப் பார்ப்பது ஆகியவற்றை விரிக்காமல் விடுகிறேன். நம் கரையில் ஃபைபர் படகுகள் பெருகியபின், ரெசின் குழைத்து வெடிப்பு அடைக்கத் தெரிந்த கைகளும் பெருகிவிட்டன. வெளிவெடிப்பு கண்டு அஞ்சவேண்டியதில்லை. ஊறின நுரையைத்தான் எந்தக் கையும் எளிதில் காயவைக்க முடியாது.

கடலின் குணத்தையும் இந்த வரிசையில் சேர்க்கவேண்டும். கார்த்திகை, மார்கழி மாதத்து வாடை கடல்மேல் வந்து, ஆழமற்ற நீரில் குட்டையான, செங்குத்தான அலைகளைக் கிளப்புகிறது. அந்த அலைகளில் அடிக்கடி முட்டி நின்றுபோகாமல் படகை ஓட்டக் கைப்பழக்கம் தேவையே ஒழிய, கிலோ அவ்வளவாக உதவாது. ஆடியில் கச்சான் காற்று கரையிலிருந்து கடல்நோக்கிச் சாய்வதால், நீர் தட்டையாக இருந்து ஆசைகாட்டும். திரும்பி வருவதுதான் பாடு. அதோடு அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர்க் கடல் 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டதற்குக் காரணமான கடற்புல், நம் நடுப்பலகையிலும் சுக்கானிலும் கொத்தாகச் சிக்கிக்கொள்ளும். ஒரு பிடி கடற்புல்லை இழுத்துக்கொண்டு ஓடுகிற படகு இழக்கும் வேகத்தின் முன்னே, அட்டவணையின் ஐந்து கிலோ எந்த மூலைக்கு? கடற்பசு மேயும் இடத்தில் எந்த வேகத்தில் போகவேண்டும் என்பது வேறு கேள்வி. அதற்கும் எடைக்கும் சம்பந்தமில்லை.

ஒரே ஓர் ஆட்சேபத்துக்கு நான் தலைவணங்குகிறேன். கவிழ்ந்த படகை நிமிர்த்த, நடுப்பலகையின் நுனியில் ஏறி நின்று உடலைப் பின்னால் சாய்க்கவேண்டும். நாற்பது கிலோக்கூட இல்லாத பிள்ளை பெரிய பாயோடு கவிழ்ந்தால், நீரில் நனைந்த பாயின் பாரம் அவனை மிஞ்சிவிடலாம். கச்சான் அடிக்கிற நாளில் அப்படிப்பட்டவன் கரையை விட்டு விலகிக்கொண்டே போவான். அந்தத் திசையில் சர்வதேசக் கடல் எல்லைக்கோடு ஒன்றும் இருக்கிறது என்பதை ஜகதாப்பட்டினத்துக் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ஆகவே பிள்ளைக்குச் சிறிய பாய் மாட்டுக. இதிலும் பார்த்தீர்களா, மாறவேண்டியதாக முடிந்தது பாய்தான். அதேபோல் தொண்ணூறு கிலோ மனிதர் ஆப்டிமிஸ்டில் ஏறக்கூடாதா என்று கேலியாகக் கேட்பாருண்டு. 1947-இல் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் சிறுவர்களுக்கென்று வரைந்த, இரண்டேகால் மீட்டருக்குச் சற்று மேற்பட்ட பெட்டி அது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரை அதன் பந்தயவிதியே விலக்குகிறது. பள்ளிக்கூடத்து மேசையில் பெரியவர் அடங்கவில்லை என்பதால் மேசைகளை எடைபோட்டு வாங்கவேண்டும் என்று ஏற்படாது.

கடைசியாக, எடைக்குப் பொருந்தாத படகை மறுபடி விற்பது கடினம் என்று ஒரு வியாபார நியாயம் பேசுகிறார்கள். நம் நாட்டில் பழைய பந்தயப் படகுகள் சென்னை, மும்பை, ஹைதராபாத் முதலிய இடங்களில் உள்ள சங்கங்களிலும் இராணுவப் பயிற்சி நிலையங்களிலும் இருந்தே பெரும்பாலும் கைமாறுகின்றன. அங்கே ஓட்டுகிறவர்கள் வருஷந்தோறும் மாறுகிறார்கள், பாய்களும் வருஷந்தோறும் கிழிகின்றன. வாங்க வருகிறவர் ஐம்பது கிலோவோ தொண்ணூறோ, யாராக இருந்தாலும், நீர் ஊறாத கூட்டுக்கு அவர் கொடுக்கிற விலையில் பேதமில்லை. பாயைத் தனியே விலைபேசலாம். ஊறின கூட்டுக்கு, அதோடு எத்தனை பாய் சேர்த்துக் கொடுத்தாலும், இரண்டாம் விலை கிடையாது.